எழுநூறு கிராம் தைரியம்

சிதம்பரம் கீழ வீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் மணவாளன், தமது ஐம்பத்தாறாவது வயதில் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கிவிடுவதென்று முடிவு செய்தார். திருட்டுப் பயத்தால் அல்ல. அவர் கடையில் புகும் திருடன் முள்கம்பிச் சுருளையும் பத்தடிக் குழாயையும்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அப்படி ஓர் உழைப்பாளி வந்தால் வேலைக்கே வைத்துக்கொள்ளலாம். விரோதி என்று யாரும் கிடையாது. விரோதி சம்பாதிக்கும் அளவுக்கு அவர் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. காரணம் ஒரு காட்டுப்பன்றி. பன்றியைவிடப் பெரிய காரணம், அது வந்துபோன நாளிலிருந்து அவர் மனைவி புஷ்பவள்ளி அவரைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டதுதான்.

இன்றைக்கு யார் கேட்டாலும் இந்தக் கதையை மணவாளனே சொல்வார். தராசில் ஆணியைக் கொட்டிக்கொண்டே, தம்மை யாரோ ஓர் ஆசாமியைப் போல வைத்துச் சொல்வார். இங்கே இருப்பதும் அவர் சொன்னதுதான். மரியாதை கருதி இரண்டொரு இடத்தில் குறைத்திருக்கிறது, அவ்வளவே.

போன வருஷம் அவருக்குச் சர்க்கரை ஏறியது. டாக்டர் நடக்கச் சொன்னார். சும்மா நடந்தால் போதுமே, அதற்கு ஒரு கூட்டத்தில் சேர்ந்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் திருநாவுக்கரசு நடத்தும் ‘ஞாயிறு நடை’ என்ற கூட்டம். பிச்சாவரம் சாலையில் நடப்பார்கள். மாதம் ஒருமுறை வேன் வைத்துக்கொண்டு ஏதாவது மலைக்குப் போவார்கள். மணவாளன் அதற்காகப் பனியனிலிருந்து பூட்ஸ் வரை புதிதாக வாங்கினார். முதுகில் மாட்டிக்கொண்டு குழாய் வழியாகத் தண்ணீர் உறிஞ்சும் பை ஒன்றும் வாங்கினார். புஷ்பவள்ளி அதைப் பார்த்துவிட்டு, “குளுகோஸ் ஏத்திக்கிட்டே நடக்கப் போறீங்களா?” என்றாள். அவள் மட்டும் பழைய ரப்பர் செருப்போடு வந்தாள்.

கேலி செய்வதில் புஷ்பவள்ளிக்கு ஈடே கிடையாது. பதினைந்து வருஷத்துக்கு முன் விருத்தாசலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய், தவறுதலாகப் பக்கத்து மண்டபத்துப் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு வந்தவர் மணவாளன். அந்தப் பாயசத்தை அவள் இன்னும் விடவில்லை. அவள் கேலி செய்தால் வீடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இது அவருக்கு அப்போது தெரியாது.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்குப் போனார்கள். மொத்தம் பதினோரு பேர். அடிவாரத்துக் கடையில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கினார்கள். மணவாளன் மட்டும் வாங்கவில்லை. பூட்ஸ் போட்டவனுக்குத் தடி எதற்கு என்றார். புஷ்பவள்ளிக்கு முழங்காலில் லேசாக வலி. அதனால் இருவரும் கடைசியில் வந்தார்கள். வளைவு ஒன்றில் முன்னால் போனவர்கள் மறைந்த நேரம் பார்த்து, பக்கத்து உண்ணிச்செடிப் புதருக்குள் ஏதோ உறுமியது. ஒரு தாய்ப்பன்றி வெளியே வந்தது. பின்னால் முதுகில் கோடு போட்ட நாலு குட்டிகள்.

புஷ்பவள்ளி ஊன்றியிருந்த தடியை மணவாளன் பிடுங்கினார். அதுவரை சரி. பன்றியை அடிக்கத்தான் பிடுங்கினார். இதில் அவருக்கு இன்றுவரை சந்தேகமில்லை. தடி கைக்கு வந்ததும் கால் வேறு முடிவு எடுத்துவிட்டது. முப்பதடி தள்ளி ஒரு பாறை இருந்தது. அதன் மேல் எப்படி ஏறினார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. பிற்பாடு இறக்குவதற்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

பாறை மேலிருந்து பார்த்தார். புஷ்பவள்ளி இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றாள். பன்றி அவளைப் பார்த்தது. அவள் பன்றியைப் பார்த்தாள். அப்புறம் அது குட்டிகளைக் கூட்டிக்கொண்டு பாதையைக் கடந்து, எதிர்ப்பக்கம் இறங்கிப் போய்விட்டது. மணவாளன் அலறிய சத்தம் கேட்டு மற்றவர்கள் ஓடி வந்தார்கள்.

“என்னா ஆச்சு?” என்று மூச்சிரைக்கக் கேட்டார் திருநாவுக்கரசு.

“ஒண்ணுமில்ல சார். பன்னி வந்துது. இவ பயந்துட்டா. நான் மேல ஏறி வழி பாத்தேன்.”

பாறை மேலிருந்துகொண்டு, கையில் மனைவியின் தடியோடு இதைச் சொன்னார். புஷ்பவள்ளி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அதோடு சரி. வேனில் திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் காபியோடு கேலியும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதமும் ஆயிற்று. சாப்பாடு வந்தது, துணி மடிந்தது, கடைக்குச் சாவி எடுத்துக் கொடுத்தாள். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. பாயசம்கூட நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை எழுப்பினால், “முட்டி வலிக்குது, நீங்க போய்ட்டு வாங்க” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவருக்கு இப்படிப் பயமாக இருந்ததே இல்லை; பன்றியைப் பார்த்தபோதுகூட இவ்வளவு இல்லை.

தாம் ஓடியதற்குத்தான் இந்த மௌனம் என்று மணவாளன் நினைத்தார். ஓடியது ஏன்? கையில் ஆயுதம் இல்லாததால். (தடி இருந்ததை இந்தக் கணக்கில் அவர் சேர்க்கவில்லை.) ஆகவே ஆயுதம் ஒன்று வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, “வா புஷ்பா, இனிமே உனக்கு என்னா பயம்?” என்று சொன்னால், அவள் பழையபடி கூட நடக்க வருவாள். இரும்புக்கடைக்காரரின் மூளை இப்படித்தான் வேலை செய்யும். எங்கே எது உடைந்தாலும் அதற்கு ஒரு சாமான் இருக்கிறது என்று நம்பியே பிழைப்பு நடத்துகிறவர் அவர்.

பிப்ரவரியில் உரிமத்துக்கு மனு போட்டார். மனுவில் துப்பாக்கி எதற்கு என்று காரணம் எழுத ஓர் இடம் இருந்தது. அங்கே அவர் பேனா கொஞ்சம் தாராளமாக ஓடிவிட்டது. என்ன எழுதினார் என்பது பின்னால் வரும். டாக்டரிடம் போய் உடலும் மனமும் நலம் என்று சான்றிதழும் வாங்கினார். உடலைப் பரிசோதித்த டாக்டர், மனதைப் பற்றி, “எதுக்கு மணவாளன் இதெல்லாம்?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில், “பாதுகாப்புக்கு ஒரு ரிவால்வர் வாங்கலாம்னு இருக்கேன்” என்றார்.

“ம்” என்றாள் புஷ்பவள்ளி.

அடுத்து எந்தத் துப்பாக்கி என்ற கேள்வி. கடையில் ஆள் இல்லாத மத்தியான வேளைகளில் போனில் பார்த்துப் பார்த்துத் தேறினார். மலை ஏறுகிறவனுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். குழல் நீளமானால் உட்காரும்போது இடுப்பில் குத்தும். கடைசியில் இரண்டு வகை மிஞ்சின. ஒன்று ஐந்நூறு கிராம். சட்டைக்குள் தெரியாது, ஆனால் லேசான துப்பாக்கி சுடும்போது கையை உதறுமாம். இன்னொன்று எழுநூறு கிராம். கையை உதறாது, ஆனால் பேண்ட்டை இறக்கிவிடும். கையா பேண்ட்டா என்று இரண்டு வாரம் யோசித்தார்.

யோசித்து முடியாததால் நிறுத்துப் பார்ப்பதென்று தீர்மானித்தார். கடையில் தராசும் உண்டு, ஆணியும் உண்டு. இரண்டு அங்குல ஆணி ஐந்நூறு கிராம் நிறுத்து, ஒரு துணிப்பையில் போட்டு, சட்டைக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டு, காலை ஆறு மணிக்குக் கோயிலைச் சுற்றி நாலு வீதியும் நடந்தார். தைரியமாக இருப்பதுபோல்தான் தோன்றியது. மறுநாள் எழுநூறு. கீழ வீதியில் நிமிர்ந்து நடந்தார். தெற்கு வீதி திரும்பியதும் ஏதோ பாரம் குறைவது போலிருந்தது. பழகிவிட்டது, அதுதான் லேசாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். திரும்பிப் பார்த்தபோது, அவர் வந்த வழியெல்லாம் ஆணி.

பால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டார். ஓர் ஆட்டோக்காரர் முன்சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கோயில் வாசல் என்றும் பார்க்காமல் பேசினார். மணவாளன் ரோட்டில் குத்துக்காலிட்டு ஆணி பொறுக்கினார். சட்டைக்குள் தொங்கிய கிழிந்த பையைப் பற்றி யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டார். அப்போதுதான் பஞ்சர் கடை சபாபதி ஷட்டரைத் தூக்கினார். தெருவைப் பார்த்தார். மனுஷனுக்கு முகமெல்லாம் பல்.

“மொதலாளி, வாக்கிங் ஒடம்புக்கு ரொம்ப நல்லது. தெனமும் இந்தப் பக்கமாவே வாங்க.”

இந்தச் செய்தி ஏழு மணிக்குள் வீட்டுக்குப் போயிருக்கும். சாதாரணமாக இது ஒரு வருஷத்துக்கான கேலிச் சரக்கு. மணவாளன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். புஷ்பவள்ளி அவர் சட்டையைப் பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது. வந்துவிட்டது என்று நினைத்தார்.

“காபி ஆறிடும்” என்றாள்.



ஏப்ரலில், அசல் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் எது என்று தெரியும் என்று கடலூர் கிளம்பினார். முதுநகரில் அப்துல் வதூது என்று ஒருவர், படகுக்காரர்களுக்கு நைலான் கயிறும் செம்பாணியும் விற்பவர். மணவாளன் கடைக்குக் கயிறு அவரிடமிருந்துதான் வரும். இருபது வருஷமாக அவரிடம் உரிமத்தோடு ஒரு ரிவால்வர் இருப்பது வியாபாரிகள் எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர், துப்பாக்கியை முதல்முதலில் கையில் வாங்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசித்தபடியே குடிகாடு வருமுன் தூங்கிப்போனார்.

“வாங்க மொதலாளி, வாங்க. ரிவால்வரா? இதோ” என்று உள்ளே போன வதூது, ஒரு பழைய தோல் உறையையும் நாலாக மடித்த காகிதத்தையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

உறை காலியாக இருந்தது. காகிதம் போலீஸ் ஸ்டேஷன் ரசீது.

“எலெக்சன் அறிவிச்சிட்டாங்கல்ல? லைசென்ஸ் வச்சிருக்கறவுங்க எல்லாம் ஸ்டேஷன்ல கொண்டு போய் ஒப்படைக்கணும். முடிஞ்சப்புறம் ரசீதக் காட்டித் திருப்பி வாங்கிக்கணும். பார்லிமெண்ட்டு எலெக்சன், அசெம்பிளி எலெக்சன், பஞ்சாயத்து எலெக்சன்... எண்ணிப் பாருங்க.”

தேநீர் கொண்டுவந்த வதூதின் மனைவி சுல்தானா, “இவரு அத இடுப்புல வச்சிக்கிட்டுப் போன ஒரே எடம் போலீஸ் ஸ்டேஷன்தாண்ணே” என்றார். “வீட்ல இருந்தா பீரோவுல இருக்கும். பீரோ சாவி என்கிட்ட இருக்கும்.”

“ஒரு தடவகூட யாரையும் சுட்டதில்லையா பாய்?”

“அல்லா காப்பாத்தணும், நான் யார சுடறது? எண்ண போட்டுத் தொடைக்கறதுதான் வேல. கடல் காத்துக்குத் துரு புடிக்கும் பாருங்க.”

துரு என்றதும் மணவாளனுக்குத் தெம்பு வந்தது; இது தமக்குத் தெரிந்த விஷயம். எந்த எண்ணெய், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று விசாரித்தார். காலி உறையை இடுப்பில் மாட்டி நின்று பார்த்தார். அப்புறம்தான், மலைக்கு எடுத்துப் போவதற்காக வாங்குவதாகச் சொன்னார்.

வதூது தேநீரைக் கீழே வைத்தார். “மலைக்கா? காட்டுக்குள்ளயா? மொதலாளி, பாரஸ்ட் எல்லைக்குள்ள துப்பாக்கியோட போனா, லைசென்ஸ் இருந்தாலும் மொத கேஸ் ஒங்க மேலதான். பன்னிய சுட்டீங்கன்னா அது தனி கேஸ். சுட்டாலும் கேஸ், சுடாட்டியும் கேஸ்.”

மணவாளன் உறையைக் கழற்றிக் கொடுத்தார். மூன்று மாதமாகக் குழல் நீளம் பார்த்தார், எடை பார்த்தார், ஊரெல்லாம் ஆணியை இறைத்தார். மலைக்கு அதைக் கொண்டுபோகலாமா என்று மட்டும் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய முட்டாளுக்கு உரிமம் கொடுப்பதற்குள் நாலு இடத்தில் விசாரிக்கிறார்கள் என்றால், அரசாங்கம் சரியாகத்தான் யோசித்திருக்கிறது என்று பஸ்ஸில் திரும்பும்போது தோன்றியது. சரி, மனுவைத் திரும்பப் பெற்றுவிடலாமே? அதற்கும் மனம் வரவில்லை. பன்றியிடமிருந்து ஓடியவன் மனுவிடமிருந்தும் ஓடினான் என்று புஷ்பவள்ளி நினைத்துவிட்டால்? நினைத்துவிட்டுச் சொல்லாமலும் இருந்துவிட்டால்? பேசாமல் இருந்தார்.

தேர்தல் முடிந்து, முடிவு வந்து, எல்லாம் அடங்கிய பிறகு, ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை காலையில் போலீஸ் விசாரணைக்கு ஆள் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கயல்விழி. முப்பது வயதுக்குள் இருக்கும். ஹாலில் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தார். அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே விசாரித்துவிட்டாராம். யாரும் தப்பாகச் சொல்லவில்லையாம், ஆணி விஷயத்தைத் தவிர.

“வீட்ல இருக்கறவுங்களுக்கு ஆட்சேபணை இருக்கான்னு கேக்கணும். அம்மாவ வரச் சொல்லுங்க.”

புஷ்பவள்ளி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“மனுவுல காரணம் எழுதியிருக்காரு. படிக்கறேன், சரியான்னு சொல்லுங்கம்மா” என்று கயல்விழி நிறுத்தி நிறுத்திப் படித்தார். “‘மேற்படி நாளில் கொடிய காட்டுப்பன்றி ஒன்று எதிர்ப்பட்டது. என் மனைவி அஞ்சி நடுங்கி, நிலைகுலைந்து ஓட முற்பட்டார். நான் ஒரு மூங்கில் தடியை மட்டுமே துணையாகக் கொண்டு, அவரை என் பின்னால் நிறுத்தி, அவ்விலங்கை எதிர்கொண்டு விரட்டினேன். எதிர்காலத்தில் என் மனைவியைப் பாதுகாக்கும் பொருட்டு...’”

மணவாளனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. எழுதும்போது அவ்வளவு கம்பீரமாக இருந்த தமிழ், இப்போது தம் வீட்டு ஹாலில், தம் மனைவி முன்னால் கேட்கச் சகிக்கவில்லை. புஷ்பவள்ளியைப் பார்த்தார். பாறை மேலிருந்து பார்த்த அதே முகம். அவள் கண் கலங்கியிருந்தது. கோபத்தில் அவள் கண் கலங்கி அவர் பார்த்ததில்லை. இது கோபமில்லை என்று அந்த நிமிஷம் அவருக்கு விளங்கியது. அன்றைக்கு அவர் ஓடியது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஓடிவிட்டு, அத்தனை பேர் முன்னால் அந்தப் பயத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்தாரே, அதுதான். இப்போது அதையே அரசாங்கத்துக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

“நீங்கதானேம்மா கூட இருந்தீங்க? இப்படித்தான் நடந்துச்சா?”

புஷ்பவள்ளி அவர் பக்கம் திரும்பினாள். ஒரே வார்த்தையில் அவரைக் கவிழ்த்துவிடலாம். ஆமாம் என்று சொல்லிக் காப்பாற்றவும் செய்யலாம். அவள் இரண்டையும் செய்யவில்லை.

“அவரையே கேளுங்க” என்றாள்.

மணவாளன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஓடுவதற்கு இங்கே பாறை இல்லை. இருந்தால் ஏறியிருப்பார், அதில் பொய் சொல்ல வேண்டாம். 

“இல்ல மேடம். ஓடுனது நானு.”

கயல்விழி பேனாவை மூடினார். “சார், மனுவுல பொய்யான தகவல் குடுக்கறதே தப்பு. தெரியுமில்ல?”

“தெரியும் மேடம். அவ நின்ன எடத்த விட்டு நகரவேயில்ல. நான்தான் பாற மேல ஏறிட்டேன். எறங்கி... எறங்கக்கூட இல்ல, மேல நின்னுக்கிட்டே, இவ பயந்துட்டான்னு எல்லாருகிட்டயும் சொன்னேன்.” குரல் உடைந்தது. உடைந்த குரலை அவர் மறைக்கவும் இல்லை. “அவ பயப்படல மேடம். அவ எதுக்குமே பயப்படமாட்டா.”

கயல்விழி மூடிய பேனாவால் கோப்பில் ஒருமுறை தட்டினார்.

“அப்ப மனுவ வாபஸ் வாங்கிக்கறேன்னு ஒங்க கைப்பட எழுதிக் குடுத்துடுங்க. என்னா காரணம்னும் எழுதணும். உண்மையான காரணம்.”

வெள்ளைத்தாள் எடுத்து எழுத உட்கார்ந்தார் மணவாளன். இந்த முறை பேனா தாராளமாக ஓடவில்லை. ‘மேற்படி மனுவில் நான் கூறியது உண்மையல்ல. பன்றியைக் கண்டு ஓடியது நான். என் மனைவி அதே இடத்தில் நின்றார்’ என்று எழுதி, போதுமா என்பதுபோல் நிமிர்ந்தார்.

புஷ்பவள்ளி அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

“தடி?” என்றாள்.

“என்னா தடி?”

“நான் ஊனிக்கிட்டிருந்த தடிய புடுங்கிக்கிட்டு ஓடுனீங்களே, அது யாரு எழுதறது?”

மணவாளன் எழுதினார். ‘அவர் ஊன்றியிருந்த தடியையும் நானே பிடுங்கிச் சென்றேன்.’

“பாறையிலேர்ந்து எறங்கத் தெரியாம ரெண்டு பேரு புடிச்சி எறக்குனாங்களே?”

“அதுவுமா?”

“உண்மையான காரணம்னு மேடம் சொல்றாங்கல்ல.”

அதையும் எழுதினார். கயல்விழி கோப்பை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து எதையோ மும்முரமாகப் படித்தார். கோப்பு குலுங்கியது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஒரு பார்மாலிட்டிக்குக் கேக்கறேன்மா. ஒருவேளை இவருக்கு லைசென்ஸ் குடுத்திருந்தா, ஒங்களுக்கு ஆட்சேபணை இருந்திருக்குமா?” என்றார்.

“பின்ன இல்லாமயா? அன்னிக்கி இவரு கையில துப்பாக்கி இருந்திருந்தா பன்னி பொழைச்சிருக்கும். நடுவுல நின்னது நான்.”

சப்-இன்ஸ்பெக்டருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உரக்கச் சிரித்துவிட்டார். புஷ்பவள்ளியும் சிரித்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்ட மணவாளனுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டுக் கொடுத்தார்.

கயல்விழி போனபிறகு அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “விடுங்க” என்றாள் புஷ்பவள்ளி. “பயந்தா யாரா இருந்தாலும் ஓடத்தான் செய்வாங்க. நானே முட்டி சரியா இருந்தா ஓடியிருப்பேன். வந்து சொன்னதுதான்...” முடிக்கவில்லை. உள்ளே போனாள். அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது. “பஞ்சர் கட சபாபதி போன மாசம் கடைக்குப் புது போர்டு வச்சாராமே. தெறந்து வைக்க ஒங்களக் கூப்புடலியா?”

ஆகஸ்டில் மறுபடி கல்வராயன் மலை. இந்த முறை புஷ்பவள்ளியும் வேனில் ஏறினாள். முட்டி எப்படி இருக்கிறது என்று திருநாவுக்கரசு விசாரித்துவிட்டு, “பயப்படாதீங்கம்மா, சார்தான் கூட இருக்காரே” என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

மணவாளன் சீட்டிலிருந்து எழுந்தார். வேன் குலுக்கலில் மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, “சார், எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. அன்னிக்கி பயந்தது இவ இல்ல, நானு. வழி பாக்கறதுக்கு நான் ஏறல. பயத்துல ஏறுனேன்” என்றார்.  பின் சீட்டிலிருந்து யாரோ, “அது எங்களுக்கு அன்னிக்கே தெரியும் சார்” என்றார்கள். மணவாளன் உட்கார்ந்தார். ஏழு மாதமாக யாருமே நம்பாத ஒரு பொய்யைக் காப்பாற்றத்தான் இத்தனை கிலோ ஆணியா என்று இருந்தது. பக்கத்தில் புஷ்பவள்ளி ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடிவாரத்துக் கடையில் எல்லோரும் தடி வாங்கினார்கள். புஷ்பவள்ளியும் நல்ல கனமான மூங்கிலாகப் பார்த்து ஒன்று எடுத்தாள். தரையில் இரண்டு தட்டுத் தட்டிச் சோதித்தாள். மலைப்பாதையில் நாலு அடி வைத்தவள், நின்று, திரும்பி, அதை அவரிடம் நீட்டினாள்.

“இந்தாங்க, இப்பவே வச்சிக்கிங்க. அப்புறம் அவசரத்துல புடுங்க வேணாம்.”

மணவாளன் தடியை ஒரு கையில் வாங்கிக்கொண்டார். மற்றக் கையை அவள் ஊன்றிக்கொள்வதற்கு நீட்டினார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு அதைப் பிடித்துக்கொண்டாள்.